ஷொக்கைக் கவிழ்க்க முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

ஊர்த் தம்பிமாருக்கும், அவர்களது வாப்பாமாருக்கும், கராஜ் நடத்தும் நானாமாருக்கும் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பழைய காரைத் தாழ்த்தி ரேஸ் கார் மாதிரி ஆக்கும் ஆசை நம்மூரிலும் பரவிவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து, இருக்கிற வண்டியைத்தானே அழகுபடுத்திப் பார்க்க முடிந்தது. அதில் நாம் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "ரேஸ் காரில் ஷொக் அப்சோபர் தலைகீழாகத்தான் இருக்கும், நாமும் திருப்பிப் பூட்டினால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்." இதில் முதல் பாதி பல ரேஸ் கார்களுக்குச் சரி. இரண்டாம் பாதி ஆளைக் கொல்லும்.

ரேஸ்காரர்கள் ஏன் கவிழ்க்கிறார்கள்? ஷொக்கின் பாரமான பகுதி எண்ணெய் நிறைந்த உடம்பு. அது கீழே இருந்தால் பள்ளம் மேட்டில் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கவிழ்த்தால் உடம்பு மேலே வண்டியோடு நின்றுவிடும், மெல்லிய தண்டு மட்டும் சக்கரத்தோடு ஆடும். சக்கரத்தோடு ஆடும் பாரம் குறையக் குறைய ரயர் ரோட்டை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் ரகசியம். மிச்சமாவது ஒன்றிரண்டு கிலோ. நொடியின் நூறில் ஒரு பங்குக்காகப் போட்டியிடுபவனுக்கு அது பெரிது. பின்சீட்டில் நாலு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகிற நமக்கு?

சரி, பாரம் குறையாவிட்டாலும் நட்டமில்லையே என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. சாதாரண கார்களில் வருகிற ஷொக்குகளில் பெரும்பாலானவை இரட்டைக் குழாய். உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயின் கீழ்ப்பகுதியில் எண்ணெயும் மேலே காற்றோ வாயுவோ இருக்கும். இரண்டு குழாய்களையும் இணைக்கும் வால்வு அடியில் இருக்கிறது. கவிழ்த்தால் அந்த அடி மேலே வந்துவிடும், வால்வு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. தரம் எட்டு, ஒன்பதில் நாம் படிப்பிக்கிற அதே விஷயம். பிறகு ஷொக் பெயருக்குத்தான் இருக்கும். ஸ்பிரிங் மட்டும் துள்ளும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ரோட்டை விட்டு விட்டுத் தொடும், வண்டி நிற்கும் தூரம் கூடும்.

நம்பாவிட்டால் பூட்டாத இரட்டைக் குழாய் ஷொக் ஒன்றை மேசையில் வைத்துத் தலைகீழாகச் சில தடவை அமுக்கிப் பாருங்கள். நடுவில் பிடிமானமே இல்லாத இடம் ஒன்று கையில் தெரியும். கிடையாக வைத்திருந்த ஷொக்கை நல்ல பாஸ்மார் நிமிர்த்திப் பிடித்துப் பல தடவை அமுக்கிவிட்டுப் பூட்டுவதும் இந்தக் காற்றை வெளியேற்றத்தான்.

கவிழ்க்கக் கூடியது ஒற்றைக் குழாய் ஷொக். பிரான்ஸின் டி கார்பன் வளர்த்தெடுத்த முறை இது. 1950களில் ஜேர்மனியின் பில்ஸ்டைன் அதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. இதில் வாயுவையும் எண்ணெயையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைத்திருக்கும். வாயு அழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 30 பார், கார் ரயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு. எப்படித் திருப்பினாலும் காற்று எண்ணெய்க்குள் போகாது.

இங்கேதான் நம் தம்பிமார் ஏமாறுகிறார்கள். பெட்டியில் "கேஸ்" என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இரட்டைக் குழாயிலும் குறைந்த அழுத்தத்தில் கேஸ் அடைத்து விற்கிறார்கள். தண்டு தானாக வெளியே வருவதும் சான்றாகாது, இரண்டிலும் வரும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா? அவருக்குத் தெரியாவிட்டால் கவிழ்க்க வேண்டாம். ஒற்றைக் குழாயாகவே இருந்தாலும், கவிழ்த்தால் தண்டும் சீலும் கீழே சக்கரத்தின் பக்கம் வரும். நம்மூர் மணலும் மழைச்சேறும் நேரே அங்கேதான் அடிக்கும். றப்பர் உறை இல்லாமல் அது நீண்ட நாள் தாங்காது.

இன்னொரு கூத்து, ஷொக்கைச் சரித்துப் பூட்டி வண்டியைத் தாழ்த்துவது. ஃபோர்முலா வன் காரில் படுக்கையாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். 1962இல் வந்த லோட்டஸ் 25 கார் முன் ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் காற்று படாமல் உடம்புக்குள் ஒளித்தது. இன்றைய கார்களிலும் அவை உள்ளேதான். ஆனால் சக்கரத்தின் அசைவைத் தண்டும் நெம்புகோலும் திசை திருப்பி ஷொக்கின் நீளவாக்கில் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. வெறும் பிராக்கெட்டை வெல்டிங் பண்ணிச் சரிப்பது வேறு கதை.

தரம் பதினொன்று பிள்ளைகளே, "கோசைன் எதற்கு சேர்?" என்று கேட்பீர்களே, இதற்குத்தான். ஷொக்கைச் சரித்தால் அது அமுங்கும் வேகம் கோசைன் அளவுக்குக் குறையும். அது தரும் விசையில் சக்கரத்துக்கு உதவும் பங்கும் கோசைன் அளவுக்குக் குறையும். ஆக, கோசைனின் வர்க்கம். நிலைக்குத்திலிருந்து 30 பாகை சரித்தால் முக்கால்வாசி மிஞ்சும். 45 பாகையில் பாதி. 60 பாகையில் கால்வாசி.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. மகன் கராஜில் நிற்கிறான் என்பதற்காக ஏசாதீர்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது, இன்னும் நாம் அதைப் "படிக்காத பிள்ளைக்கு" என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஷொக் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளை நல்ல கேள்வி கேட்கிறான். பதில் சொல்ல நாம் இல்லாததால்தான் யூடியூப்பில் முப்பது செக்கன் வீடியோ அவனுக்குப் பதில் சொல்கிறது.

வீட்டில் கழற்றிப் போட்ட பழைய ஷொக் இருந்தால் இரும்புக்காரனுக்குப் போடாமல் பாடசாலைக்குத் தாருங்கள். இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைக் குறுக்கே வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நீங்களே வெட்டப் போகாதீர்கள், உள்ளே கேஸ் இருந்தால் முகத்தில் வெடிக்கும். அதை அனுபவமுள்ள பாஸ் ஒருவரிடம் கொடுத்து, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே வெட்டுவிப்போம்.