கூடாரம் போன பிறகு?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைச் சூறையாடியது. மலைகள் சரிந்தன, பாலங்கள் அறுந்தன, ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதையே இல்லாமற் போயிற்று. டிசம்பரில் இந்திய ராணுவ டாக்டர்கள் விமானத்தில் போய் மஹியங்கனையில் கூடார ஆஸ்பத்திரி அமைத்தார்கள். நாம் இதை மனதார வரவேற்கிறோம்.

"ராணுவம் தரும் மருந்தை நம்பலாமா?" என்று வண்டியூர்த் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தபோது டாக்டர்களும் தாதிகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டதை யார் மறக்க முடியும்?

ஆனால் வேறொரு சரித்திரமும் உண்டு. 1950ல் கொரியாவில் யுத்தம் மூண்டபோது இந்தியா போர்ப்படையை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கியபோது அவர்கள் மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஓடவில்லை. பழைய ரயில் என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தேகுவில் சாதாரண ஜனங்களுக்கும் சிகிச்சை செய்தார்கள்.

வியட்நாமில் நடந்தது என்ன? 1960களில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் காலையில் கிராமத்துக்கு வந்து மாத்திரை கொடுப்பார்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுவார்கள். விவசாயியைச் சைகோன் சர்க்கார் பக்கம் இழுப்பதே நோக்கம். அதே ராணுவத்தின் விமானங்கள் நேபாம் குண்டு வீசின! மாதக்கணக்கில் மருந்து தின்ன வேண்டிய காசநோய்க்காரனுக்கு ஒருநாள் மாத்திரையால் ஆவதென்ன?

ஆகவே, உடுப்பைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மருந்துக்கு விலையாக எதைக் கேட்கிறார்கள்? கூடாரத்தைச் சுருட்டிய பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது? இவ்விரண்டையும் பார்ப்போம்.

வெள்ளம் வந்தால் கூடாரம் வேண்டும். ஆனால் பிரசவமும் பாம்புக்கடியும் வெள்ளத்துக்காகக் காத்திருப்பதில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் மலையகத் தோட்டங்களில் உழைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வருஷம் முழுவதும் கதவு திறந்திருக்கும் ஆஸ்பத்திரி.

இங்கேயும் அதே கதைதான். மில் தொழிலாளிக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் பக்கத்து வீட்டில் இருக்கும் விவசாயக் கூலிக்கு 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் பலன் கிடைக்கவில்லை. கடல் கடந்து ஒரே நாளில் ஆஸ்பத்திரியைக் கொண்டுபோக முடிந்த சர்க்காருக்கு, கிராமத்தில் ஒரு டாக்டரை நிரந்தரமாக உட்காரவைக்க முடியாதா? முடியும். மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் சேர்ந்து கேட்கவேண்டும்!