தோட்டம் ஊர் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

"அனுமதி இல்லாத கோயில்"னு வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. வெளியார் பேசுவது இருக்கட்டும். நம்ம ஆளுங்களே "அந்தக் காலத்திலேயே கிராண்ட் எடுத்திருக்கலாமே"ன்னு கேட்கிறாங்க. யார் பேர்ல எடுப்பது? லயம், கோயில், இடுகாடு எல்லாம் நின்றது கம்பெனி கிராண்டில். துரை வாயால சொன்னார், கோயில் எழுந்தது. அவ்வளவுதான் பத்திரம்.

ஒரு கம்போங்கைப் பாருங்க. அதற்குத் தலைவர் உண்டு, அவருக்கு அரசாங்க அலவன்ஸ் உண்டு, செயற்குழு உண்டு. ரோடு கெட்டுப்போனா மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் முள்வேலி போட்டுக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கும் பிறகு கிராம அந்தஸ்து வந்தது. செர்டாங் புதுக்கிராமம்தான் இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான்.

தோட்டத்தில் என்ன குறை? ஜனம் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, வருஷா வருஷம் திருவிழா நடந்தது. ஆனால் அரசாங்கத்தின் பார்வையில் அது தனியார் நிலம். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446-கூட வீடு, தண்ணீர் வசதியை முதலாளியின் பொறுப்பாகத்தான் வைத்தது. வேலை போனால் வீடும் போச்சு. 1966 முதல் நடப்பில் உள்ள தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் குடியிருந்ததற்காக மட்டும் நிலம் சொந்தமாகாது. பதிவில் பெயர் உள்ளவருக்கே நிலம்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் பிராங் புசார் தோட்டத்து மக்கள். முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் காட்டை அழித்துத் தொடங்கிய தோட்டம் அது. பெயருக்கே 'பெரும்போர்' என்றுதான் பொருள். அந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. 2001 பிப்ரவரி 1-இல் அது கூட்டரசுப் பிரதேசமும் ஆனது. தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். தரை வீடு கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். வந்தேறிய போர்வீரனுக்கு கிராண்ட் கிடைத்தது. வேர்வை சிந்தியவனுக்கு மாடிப்படிதான் கிடைத்தது.

2020 கணக்கெடுப்பில் மலேசிய மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம். நம்மையும் தலைக்குத் தலை எண்ணினார்கள். ஆனால் தோட்டம் கலைந்தபின் அந்த ஜனம் ஷா ஆலம், கிள்ளான், பூச்சோங் கணக்கில் கரைந்துவிடுகிறது. எத்தனை குடும்பம் எங்கே வாழ்ந்தது என்று கேட்டால் கையில் காட்ட ஒன்றும் இல்லை. பல இடங்களில் அந்த ஊருக்கு மிஞ்சிய ஒரே சாட்சி கோயில்தான். அதையும் எடுத்துவிட்டால், "இங்கே யாரும் இருந்ததே இல்லை"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் ஆலய நிர்வாகங்களுக்குச் சொல்கிறோம்: ராஜகோபுரத்துக்கு வசூல் செய்யும் முன் நிலத்துக்கு மனு போடுங்க. பழைய திருவிழா நோட்டீஸ், உபயப் புத்தகம், வரவு செலவு ரசீது எதையும் கரையானுக்கு விடாதீங்க.

பக்தர்களுக்கும் ஒரு வேலை. தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனை லயம், எந்த வருஷம் வெளியேறினாங்க, இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஆலய அலுவலகத்தில் கொடுங்க. பெரியவங்க இருக்கும்போதே கேளுங்க. அடுத்த தோட்டம் விற்கப்படும் முன் அதைக் கிராமமாக அறிவிக்கச் சொல்லி உங்க சட்டமன்ற உறுப்பினரிடம் இந்தக் கணக்கோடு போகலாம்.

அம்மனுக்கு ஊர் உண்டு. அதை ஏட்டில் ஏற்றுவது நம்ம பொறுப்பு. பகிருங்கள்.