யூல் கட்டையும் களவுப் பழியும்

மார்கழி பிறந்துவிட்டால் ஒரு கூற்று தவறாமல் அச்சேறிவிடுகிறது. கிறிஸ்துமஸ் பண்டிகையில் கிறிஸ்தவர்க்கென்று உரியது ஒன்றுமே இல்லையாம். நாளும் களவு, தீயும் களவு. ஐரோப்பியர் அந்நாளில் அடுப்பிலிட்ட யூல் கட்டையோ, தோர் என்னும் இடித்தெய்வத்திற்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக எரிக்கப்பட்ட வேள்விக் கட்டையாம்! அண்டை வீட்டாரை அவர்தம் திருநாளிலேயே கள்வர் என்று ஏசத் துணிவோரிடம் நாம் சான்று கேட்கிறோம்.

யூல் என்னும் சொல் பழமையானதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆங்கிலத் துறவி பீட் 725-இல் இயற்றிய காலக்கணித நூலில், தம் முன்னோர் டிசம்பர், ஜனவரி ஆகிய இரு திங்களையும் இப்பெயரால் வழங்கினர் என்கிறார். நார்வே மன்னன் ஹாக்கோன் 10-ஆம் நூற்றாண்டில் யூல் விழாவைக் கிறிஸ்துமஸ் நாளோடு பொருத்தினான் என்பது, ஐஸ்லாந்தின் ஸ்நோரி 1230-ஐ ஒட்டி எழுதி வைத்த செய்தி. மது தீருமட்டும் விழா நடக்கவேண்டும் என்பதும் அவன் சட்டமாம்! விருந்து உண்டு, மது உண்டு, பலியும் உண்டு. கட்டை எங்கே? இவ்விருவர் கூற்றிலும் அது இல்லை.

செருமனியின் ஆலென் என்னும் ஊரைப் பற்றிய 1184-ஆம் ஆண்டு ஆவணம், கிறிஸ்து பிறப்பு விழாவின் தீக்கென ஒரு மரம் தரப்படுவதைக் கூறுகிறது. பெறுபவர் யார்? பங்குக் குரு! இங்கிலாந்தில், 1648-இல் வெளிவந்த தம் பாடல் தொகுதியில் இக்கட்டையைப் பாடிய ராபர்ட் ஹெர்ரிக்கும் தேவாலயக் குருவே. சென்ற ஆண்டுக் கட்டையின் மிச்சத்தைக் கொண்டே புதியதை மூட்டவேண்டும் என்னும் வழக்கம் அவர் பாட்டில் இருக்கிறது. அம்மிச்சத்தை இடிக்கும் தீக்கும் காப்பாக வீட்டில் பேணிய ஊர்களும் உண்டு. செர்பியரிடையே கருவாலிக் கட்டை எரியும். திருநாள் காலையில் முதலில் வரும் விருந்தினர் அதனைத் தட்டித் தட்டி, எத்தனை பொறியோ அத்தனை மாடும் ஆடும் பெருகுக என்று வாழ்த்துவார். குடியானவனின் உள்ளம் இதில் தெரிகிறதே அன்றிக் களவு எங்கே தெரிகிறது?

கிறிஸ்தவத்திற்கு முன்னரும் குளிர்நாட்டார் பெருங்கட்டைகளை எரித்திருக்கலாம். குளிருக்கு மூட்டும் நெருப்பு எச்சமயத்தின் தனியுடைமை?

திறந்த பேரடுப்புகள் அருகியபின் கட்டையும் அருகிற்று. பிரெஞ்சுக்காரர் அதன் வடிவில் கேக் செய்து உண்கின்றனர். அதுவும் தோருக்குப் படைத்ததே என்று அடுத்த மார்கழியில் எவரேனும் எழுதக்கூடும். எழுதட்டும், எந்த ஏட்டில், எந்த ஆண்டில் கண்டார் என்பதையும் உடன் எழுதட்டும்.