அன்றாடம் ஐந்து வரி

ஆறாந் தரத்து ஆங்கிலப் பாட அலகில் தகாத இணையத்தள முகவரி ஒன்று இடம்பெற்றுவிட்டது என்ற செய்தி, 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை முழுவதையும் கலக்கிற்று. அவ்வாண்டில் முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் தொடங்கவிருந்த கல்விச் சீர்திருத்தத்துள், ஆறாந் தரத்துக்குரிய பகுதி 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற வினாக்கள் எழுந்தன. அவை எழ வேண்டிய வினாக்களே. ஆயினும் அவற்றினும் முந்திய வினா ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றது. பாடநூல் ஒரு பிழையுமின்றி வந்து சேர்ந்தாலும், அதனைக் கையில் வாங்கும் மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மாணவன் நாள்தோறும் ஆங்கிலத்தில் செய்வது யாது என்பதே அவ்வினா.

இதனை மாத்தளையை முன்வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கண்டியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரை அடுத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள்ளன. மிளகுக் கொடியையும் கறுவாப் பட்டையையும் கொக்கோக் காயையும் காட்டி, வெளிநாட்டார்க்கு ஆங்கிலத்தில் விளக்கம் கூறுவோர் அங்கே பலர். அதே சாலை தம்புள்ளைக்குச் செல்கின்றது. சீகிரியாவும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர் நடமாடும் இம்மண்ணில் ஆங்கிலம் கற்றோர் அணியும் ஆபரணமன்று. சோறு தரும் தொழிற்கருவி. ஆயினும் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை மலைச்சரிவுகளில் வாழும் தோட்டப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர், மூன்றாந் தரம் முதல் பதினோராந் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலப் பாடத்தில் அமர்ந்தும், தம்மைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் தொடர்ந்து எழுதத் தயங்குகின்றனர். தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே சுமந்து, மூன்று எழுத்து முறைகளைப் பழகும் பிள்ளைக்கு அறிவில் குறையுண்டு என்று யார் கூறுவர்? குறை வேறிடத்தில் உள்ளது.

அதற்கு வரலாறும் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட நிர்வாகங்களைப் பணித்தது. ஆனால் பல தோட்டங்களில் கிடைத்தது ஓரறைப் பள்ளியும் ஓராசிரியரும், எழுத்தும் எண்ணும் மட்டுமே. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் நிழல் தோட்டங்களை முறையாக எட்டவில்லை. 1970களில் அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே, ஏனைய பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. தோட்டத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதி, 1970இல் 'போர்ன் டு லேபர்' என்னும் நூலை உலகுக்குத் தந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அதற்கு முன்பும் இருந்தனர். வாய்ப்புக் கிட்டின் மலையகப் பிள்ளை எவ்வளவு உயரம் செல்லும் என்பதற்கு அவர் சான்று. வாய்ப்புக் கிட்டாதோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

இன்றைய பரீட்சை முறையையும் சற்று நோக்குவோம். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் எல்லோரும் கற்க வேண்டிய பாடம். எனினும் உயர்தர வகுப்பில் சேர்வதற்கு அதில் சித்தியடைந்தேயாக வேண்டும் என்ற நியதி இல்லை. உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேர்வதில்லை. ஆங்கிலம் அறியாமையால் ஒரு கிராமத்துப் பிள்ளையின் கல்வி அறுபடலாகாது என்னும் நல்லெண்ணம் இவ்விதிகளில் உண்டு. ஆனால் அந்த நல்லெண்ணத்தின் மறுபக்கம் கொடிது. மருத்துவமோ பொறியியலோ கற்கப் பல்கலைக்கழகம் புகும் அன்றே ஆங்கிலம் வாயிலில் வந்து நிற்கின்றது. தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்விலும் அதுவே நிற்கின்றது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். பள்ளியில் உறைக்குள் கிடந்த அவ்வாளை, தன்மேல் விழும் நாளில்தான் நம் மாணவன் முதன்முதலாகக் காண்கின்றான். நகரத்துப் பிள்ளைக்குப் பணங் கொடுத்துச் சேரும் தனியார் வகுப்பு உண்டு. நாட்கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு புகலில்லை.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலக் கல்வியாளரின் கருத்தொன்றை நினைவிற் கொள்வது நலம். அவர் வங்காளத்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தவர். இருமொழிக் கல்வி பற்றிய தம் நூலை 1926இல் வெளியிட்டார். பள்ளியில் ஆங்கிலம் தொடங்குவோரிற் பெரும்பாலோர் அதனை முடிக்குமுன் நின்றுவிடுவதை அவர் கண்டார். ஆகவே ஒரு கேள்வி கேட்டார். காப்புறுதியை ஒருவன் இடையில் நிறுத்திவிட்டாலும் ஒரு தொகை அவன் கைக்கு வருகின்றதன்றோ? அதுபோல, மொழிக் கல்வியை இடையில் விட்டுச் செல்லும் மாணவனிடம் எஞ்சும் பயன் யாது? இறுதியாண்டில் மட்டுமே பலன் தரும் பாடத்திட்டம், இடையில் நின்றவனுக்கு ஒன்றுமே தராத பாடத்திட்டம் என்பது அவர் கருத்து. முதலில் வாசிப்பைக் கற்பிக்க வேண்டும் என அவர் வாதிட்டதும் இது பற்றியே.

ஒரு நூற்றாண்டு கடந்தும் மாத்தளைக்கு இக்கேள்வி பொருந்தும். சாதாரண தரத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு கொழும்புக் கடைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, சுற்றுலா விடுதிக்கோ செல்லும் இளைஞனிடம் ஆங்கிலத்தில் எஞ்சுவது என்ன? வினாத்தாளுக்காக மனனஞ் செய்த கட்டுரை பரீட்சை மண்டபத்தோடு நீங்கிவிடும். நாள்தோறும் சிறிது செய்து பழகியது மட்டுமே கையோடு செல்லும். ஆகவே இலக்கணம், சொல், குறிப்பேடு என்ற மூன்றையும் அன்றாடம் கால் மணி நேரம் பயிற்றுவதே நமது பள்ளிகளுக்கு இன்று வேண்டியது.

முதலில் இலக்கணம். பாடத்தின் தொடக்கத்தில் பிழையான வாக்கியமொன்றைக் கரும்பலகையில் எழுதி மாணவரைத் திருத்தச் செய்யும் வழக்கம் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் உண்டு. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பிழையைக் காதே காட்டிக்கொடுக்கும். நம் பிள்ளைக்கோ பிழையே மனத்திற் பதிந்துவிடக்கூடும். ஆதலால் நாம் சரியான வாக்கியம் ஒன்றை எழுதி, அதனை எதிர்மறையாகவும் வினாவாகவும் இறந்தகாலமாகவும் பன்மையாகவும் மாற்றச் செய்தல் நன்று. தமிழ் வகுப்பில் கற்ற இலக்கணமும் இங்கே கைகொடுக்கும். 'அவள் ஆசிரியை' என்னும்போது தமிழில் பெயரே பயனிலையாய் நின்று வாக்கியம் முற்றுப்பெறுகின்றது. ஆங்கிலத்திலோ 'இஸ்' என்ற வினையின்றி அது முற்றாது. 'மாத்தளையில்' என்பதில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். 'இன் மாத்தளை' என்பதில் அப்பணியைச் செய்யும் சொல் முன்னே வரும். 'நேற்று வந்த பையன்' என நாம் பெயரெச்சத்தை முன்னிறுத்துவோம். ஆங்கிலமோ பையனை முன்னிறுத்தி, 'ஹூ' என்ற சொல்லால் அவன் வந்ததைப் பின்னே கூறும். இவ்வேறுபாடுகளை எடுத்துக் காட்டினால், மாணவன் ஏன் தவறினான் என்பது அவனுக்கே விளங்கும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மாதம் ஒருமுறை கூடிப் பேசினால் இதற்கு வழி பிறக்கும்.

அடுத்தது சொல். முற்கூறிய வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. அன்றாட வாழ்வுக்குரிய எளிய ஆங்கிலத்தின் பெரும்பகுதி அவற்றுள் அடங்கும். பள்ளி நடைபெறும் நாட்கள் ஆண்டுக்கு 200 எனக் கொள்வோம். நாளுக்கு ஐந்து சொற்களாயின் ஆண்டுக்கு 1,000. இரண்டு ஆண்டில் 2,000. பாதி மறந்துபோயினும் நான்கு ஆண்டு போதும். ஆறாந் தரத்திற் தொடங்கியவன் பத்தாந் தரத்தை எட்டுமுன் முடித்துவிடலாம். மறதியை வெல்லும் வழியும் தெரிந்ததே. படித்தது விரைவில் மறையும் என்பதையும், இடைவெளி விட்டு மீளப் படித்தால் நிலைக்கும் என்பதையும் ஜேர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே சோதித்துக் காட்டினார். திங்களன்று கற்ற சொல் புதனன்று ஒருமுறையும், அடுத்த திங்களன்று ஒருமுறையும் திரும்ப வரவேண்டும். அச்சொற்களும் கண்ணெதிரே உள்ளவையாய் இருத்தல் நலம். மழை, மண்சரிவு, சம்பளம், மருந்தகம், பேருந்து, மிளகு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை அறியாத பிள்ளைக்கு இலண்டன் மாநகரத்துப் பாலத்தைப் பற்றிய பாடம் எதற்கு?

மூன்றாவதும் முதன்மையானதும் குறிப்பேடு. நாட்குறிப்பு எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும்வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்று ஆவணமாய்ப் போற்றப்படுகின்றது. மாத்தளை நகருக்கு அருகிலுள்ள அலுவிகாரையோ எழுத்தின் பெருமைக்கே ஒரு சின்னம். வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. வாயில் இருப்பது கைக்கு வந்தாலன்றி நிலைக்காது என்பதை அம்மலைக்குகைகள் இன்றும் உணர்த்துகின்றன.

மாணவன் எழுத வேண்டியது ஐந்தே வரி. இன்று காலை கண்டது, வழியில் கேட்டது, வீட்டில் நிகழ்ந்தது, எதுவாயினும் ஆகுக. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது மாத்தளை மாவட்டமும் உயிர்களை இழந்தது. அந்நாட்களைக் கண்ட பிள்ளைக்கு எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று கூற இயலாது. அதனைக் கேட்பாரே இல்லை. எழுதியதை ஆசிரியர் படித்து, அதே பக்கத்தில் இரண்டு வரி மறுமொழி எழுதினால், அக்குறிப்பேடு இருவரது உரையாடலாகிவிடும். பிழை பத்து இருப்பினும் ஒன்றை மட்டும் திருத்துக. பத்தையும் சிவப்பு மையால் சிதைத்தால், மறுநாள் பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வான். வீட்டுத் துயரை எழுதிவிட்டுப் பிறர் காணலாகாது எனக் கருதும் பிள்ளை, அப்பக்கத்தை மடித்து வைக்கலாம். மடித்த பக்கத்தை ஆசிரியர் திறவாதிருத்தல் அறம்.

இவையெல்லாம் ஏட்டில் இனிக்கும், வகுப்பில் நடவா என்பர் சிலர். நாற்பது குறிப்பேடுகளை ஓராசிரியர் எவ்வாறு நாள்தோறும் படிப்பார் என அவர்கள் கேட்பது நியாயமே. நாளுக்கு எட்டுக் குறிப்பேடுகளைப் படித்தால் ஐந்து நாளில் நாற்பதும் முடியும். எல்லோரும் அன்றாடம் எழுதுக. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒருமுறை படிக்கப்படுக. ஆங்கில ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையின் நிலை யாது என்பது இதனினும் கடிய கேள்வி. அங்கே வகுப்பாசிரியர் சொற்பயிற்சியையேனும் தொடங்கலாம். ஆனால் குறிப்பேட்டுக்கு மறுமொழி எழுத ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை நியமிப்பது அரசின் கடன். அதனை அழகிய பாடநூலாலோ கணினித் திரையாலோ ஈடுசெய்துவிட முடியாது.

கல்வித் திணைக்களத்தாரிடம் கேட்பது பெருநிதி அன்று. நேரசூசியில் அன்றாடம் கால் மணி நேரம். பிள்ளைக்கு ஓர் அப்பியாசக் கொப்பி. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அக்கொப்பிக்கு உரிய இடம். மலைமேலுள்ள பள்ளிக்கும் ஓர் ஆங்கில ஆசிரியர். இறுதியில் கூறியதற்கே செலவு மிகுதி, அதுவே இன்றியமையாதது.

ஆறாந் தரத்துப் புதிய பாட அலகு திருத்தம் பெற்று வருக, அதனை வரவேற்போம். அது வரும்வரை பள்ளிகள் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஐந்து வரி எழுதுவதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. மனமுள்ள ஆசிரியர் வருகின்ற திங்கட்கிழமையே தம் வகுப்பில் தொடங்கலாம்.