வாங்கிய நூலுக்கு வேறொருவர் பூட்டு

மின்னூலின் பூட்டை உடைப்பவனும் இரவில் கடையுடைப்பவனும் ஒன்றே என்று நம் இலக்கியக் கூட்டங்களில் இப்போது ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. அண்மையில் நூல் வெளியீட்டு விழாவொன்றில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவரே அப்படிப் பேசினார். சபை கைதட்டியது. நான் தட்டவில்லை. மரியாதைக் குறைவினால் அல்ல. இரண்டு வேறு செயல்களுக்கு அவர் ஒரே பெயரைச் சூட்டிவிட்டார் என்பதனாலேயே.

பிறர் உழைப்பைப் பிரதியெடுத்து ஊருக்கெல்லாம் பரப்புவது களவுதான். அதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நூலை, வாங்கியவரே தமக்கேற்ற விதத்தில் வாசிக்கவும் பத்திரப்படுத்தவும் அதிலுள்ள பூட்டை அகற்றுவது வேறு விடயம். முன்னதில் எழுத்தாளனுக்குச் சேரவேண்டியது சேரவில்லை. பின்னதில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

பூட்டு என்று எதைச் சொல்கிறோம்? மின்னூற் கோப்பு சங்கேத வடிவில் மறைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் திறவுகோல் வாங்கியவரின் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். விற்ற நிறுவனத்தின் செயலியோ கருவியோதான் அதைத் திறந்துகாட்டும். வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாற்றவோ, நினைத்தபடி நண்பருக்கு இரவல் கொடுக்கவோ முடியாது. என் வாப்பா மௌத்தானபோது ஒரு தகரப்பெட்டி நிறைய அரபுத்தமிழ்க் கிதாபுகளை விட்டுச் சென்றார். அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள நாங்கள் எந்தக் கம்பனியிடமும் அனுமதி கேட்கவில்லை. பூட்டிய மின்னூலை வாங்கி வைத்திருப்பவரின் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'வாங்கினேன்' என்ற சொல்லே இங்கே ஓர் ஏமாற்று. நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள். விற்கப்படுவது நூல் அல்ல, வாசிப்பதற்கான அனுமதி. இந்த ஏமாற்று எவ்வளவு பரவலானது என்றால், கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி முதல் அங்கே, கொடுப்பது அனுமதி மாத்திரமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லை மின்பொருள் விற்பவர்கள் பயன்படுத்தக் கூடாது.

அனுமதி என்றால் அதைத் திரும்பப் பெறவும் முடியும். 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து, அவர்கள் வாங்கியிருந்த இரு நூல்களை அழித்தது. அவை ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' என்பனவாக இருந்தது தற்செயல்தான். ஆனால் ஓர்வெல்லே எழுதியிருக்கத்தக்க தற்செயல். அப்பதிப்புகளை விற்பனைக்கு இட்டவர்களுக்கு அமெரிக்காவில் அதற்கு உரிமை இருக்கவில்லை என்பது காரணம். காசு திருப்பித் தரப்பட்டது, பிறகு நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆயினும் '1984' ஐப் பாடத்துக்காக வாசித்துக் குறிப்பெழுதி வைத்திருந்த மிச்சிகன் மாநில மாணவர் ஒருவருக்கு, எதைப் பற்றிய குறிப்பென்று தெரியாத வெறும் குறிப்புகளே எஞ்சின. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் இணங்கிப் போயிற்று. கள்ளப் பதிப்பை விற்ற கடைக்காரர், வாங்கியவர் வீட்டுக்குள் புகுந்து அலுமாரியைத் திறந்து நூலை எடுத்துக்கொண்டு மேசையில் காசை வைத்துவிட்டுப் போனால் நாம் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

இன்னொன்று. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியது. கடை மூடியதோடு விற்ற நூல்களும் திறக்க முடியாதவை ஆயின. அங்கேயும் காசு திரும்பிற்று. புறக்கோட்டையில் புத்தகக் கடையொன்று மூடப்பட்டால் அங்கு வாங்கிய நூல்கள் நம் வீட்டிலிருந்து மறைந்துபோவதில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மொழி நம்முடையது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் விட்டுவந்தவற்றில் புத்தகங்களும் இருந்தன. ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும், ஒருவர் கையில் மட்டும் இருப்பதன் ஆபத்தை நமக்கு எவரும் பாடமெடுக்க வேண்டியதில்லை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இருக்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினித் திரையில் உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடுதான் படித்து, இப்போது பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். கல்வி உளவியல் பற்றிய ஆங்கில நூலொன்றை வெளிநாட்டு மின்கடையொன்றில், தன் மாதச் செலவிலிருந்து மிச்சம் பிடித்து வாங்கினான். பூட்டு அந்த மென்பொருளை உள்ளே விடவில்லை. பார்வையுள்ளவர்களுக்குத் திறந்த நூல் அவனுக்கு மட்டும் மூடிக் கிடந்தது. நண்பன் ஒருவன் பூட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். பிறகு என்னிடம் வந்து, "சேர், நான் காசு குடுத்து வாங்கின புத்தகம். அத நான் வாசிக்கிறது களவா?" என்று கேட்டான். மேடையில் முழங்கும் நண்பர்கள் அவனுக்கு நேரில் பதில் சொல்லட்டும்.

இவ்விடயத்தில் எழுத்தாளர் வர்க்கத்தின் கை சுத்தமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 பெப்ரவரியில் வெளிவந்த இரண்டாம் கிண்டிலில் நூலை உரக்க வாசிக்கும் வசதி இருந்தது. அதற்கு எதிராகக் கிளம்பியது அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஓதர்ஸ் கில்ட். ஒலிநூல் உரிமை தனியானது, இயந்திரம் வாசிப்பதும் அதற்குள் அடங்கும் என்று வாதிட்டார்கள். சில நாட்களிலேயே அமேசன் பணிந்து, உரிமையாளர் விரும்பினால் அந்நூலின் குரலை அடைத்துவிடலாம் என்றது. ஏப்ரலில் பார்வையற்றோர் அந்தச் சங்கத்தின் நியூயோர்க் அலுவலகத்தின் முன் நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எழுத்தாளர்களுக்கு எதிராக வாசகர்கள் தெருவுக்கு வந்த நாள் அது. நம்மில் ஒருவரும் அதைப் பற்றி எழுதியதாக நான் காணவில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம், விலக்களிக்கப்பட்ட சில தேவைகள் தவிர, பூட்டை அகற்றும் செயலையே தடுக்கிறது. நூலை வாங்கியவருக்கும் அது பொருந்தும். அச்சட்டத்தின்கீழ் 2001 ஜூலையில் டிமித்ரி ஸ்கிலியாரொவ் என்ற ரஷ்ய நிரலாளர், லாஸ் வேகாஸ் மாநாடொன்றில் மின்னூற் பூட்டுகளின் பலவீனம் பற்றி உரையாற்றிவிட்டு நாடு திரும்ப இருந்த வேளையில் கைதுசெய்யப்பட்டார். அவர் எந்த நூலையும் களவாடவில்லை. அடோபி நிறுவனத்தின் பூட்டை அகற்றும் மென்பொருளை, அது சட்டபூர்வமாக இருந்த தன் நாட்டில் எழுதியிருந்தார். முறையிட்ட அடோபியே எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. ஆண்டிறுதியில் அவர் வீடு திரும்ப முடிந்தது. அவர் வேலைபார்த்த எல்கொம்சொஃப்ட் நிறுவனத்தை 2002 டிசம்பரில் ஜூரிகள் குற்றவாளியல்ல என்று விடுவித்தார்கள். சட்டத்தைச் சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை அது. பின்னர் 2003 இல், ஒரு மின்னூலின் எல்லாப் பதிப்புகளும் உரக்க வாசிப்பதைத் தடுத்தால் அந்தப் பூட்டை அகற்றலாம் என்ற விலக்கும் அங்கேயே வழங்கப்பட்டது.

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நான் சட்டத்தரணி அல்லன், ஆனால் வாசிக்கத் தெரிந்தவன். பிரதியெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடுகளை முறியடிக்கும் சாதனங்களை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் அது குறிவைக்கிறது. நியாயமான பாவனைக்கு இடம் தருகிறது. பார்வையற்றோருக்காக 2013 இல் மராக்கேஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கையில் 2016 இல் இலங்கையும் இணைந்தது. பூட்டைப் பாதுகாக்கும் சட்டம் பார்வையற்றவரின் வாசிப்புக்குக் குறுக்கே நிற்காதிருக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் ஏழாம் உறுப்புரை. ஆக, என் மாணவனின் பக்கம் சர்வதேச உடன்படிக்கையே நிற்கிறது. கடையுடைப்பவனுக்காக எந்த நாடும் அப்படியோர் உடன்படிக்கை செய்ததில்லை.

மார்க்கத்தைத் துணைக்கழைப்போரும் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்படும் உரிமை, அதில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. நானும் அதையே சொல்கிறேன். அது ஆசிரியரின் உரிமையைப் பற்றியது. விலையைப் பெற்றுக்கொண்ட பின்னும் பொருளைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும் வியாபாரியின் சௌகரியத்துக்கு அதை ஆதாரமாக்குவது எந்த வகையில் நியாயம்?

எதிர்த் தரப்பின் வலுவான வாதம், பூட்டு இல்லாவிட்டால் எழுத்தாளன் பட்டினி கிடப்பான் என்பது. ஐந்நூறு பிரதி அச்சிட்டு, நகைகளை அடகுவைத்து, வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க ஒரு ஹாஜியாரைத் தேடியலையும் நமக்கு இந்த வாதம் நெஞ்சைத் தொடும். ஆனால் நம் நூல்கள் எவ்வழியாகக் களவுபோகின்றன? வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்து பாருங்கள். என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை அச்சு நூலை வருடியெடுத்த பிரதிகள். பக்க ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் பெருவிரல் கூடத் தெரிகிறது. அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. உடைக்கப் பூட்டும் இருக்கவில்லை. விஞ்ஞானப் புனைகதைகளை வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012 இல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை நீக்கியது. ஓராண்டின் பின், கள்ளப் பிரதிகள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். பூட்டைக் கழற்றத் தெரிந்த கள்ளனுக்கு அது தடையில்லை. அது தடுப்பதெல்லாம் கழற்றத் தெரியாத நேர்மையான வாசகரைத்தான்.

வட்ஸ்அப்பில் நூல்களை அள்ளி வீசிவிட்டு 'இலக்கியச் சேவை' என்று மார்தட்டும் தம்பிமார் இதை வாசித்துவிட்டு என்னைத் தங்கள் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள்தான் பூட்டு விற்பவனுக்கு விளம்பரம் செய்கிறவர்கள்.

கிண்டிலில் தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளரிடம், கோப்பை ஏற்றும்போதே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கப்படுகிறது. தமிழ் நூல்களுக்கு அந்தக் கதவு திறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. நம்மவர்கள் பலர் அந்தக் கேள்வியை வாசிக்காமலே கடந்து போகிறார்கள். என் அடுத்த சிறுகதைத் தொகுதி மின்னூலாகும்போது நான் 'வேண்டாம்' என்றே தெரிவுசெய்வேன். வாங்கியவர் அதை எந்தக் கருவியிலும் வாசிக்கட்டும், எந்தக் குரலிலும் கேட்கட்டும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லட்டும். அதையே எவராவது குழுவொன்றில் தூக்கிப் போட்டால் முதலில் சண்டைக்கு வருபவனும் நான்தான்.