ஊருக்குச் சரித்திரம் இல்லையாமே!

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருக்கும் நண்பர், "வல்லக்கோட்டைக்கு என்ன சார் சரித்திரம்? முருகன் கோயில் இருந்தது, அப்புறம் நாங்கள் வந்தோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அருணகிரிநாதர் பாடிய தலம், வாஸ்தவம். 2010-இல் ஒரகடத்தில் கார்கள் தயாராகத் தொடங்கியதும் வாஸ்தவம். 15-ஆம் நூற்றாண்டுக்கும் 21-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே இந்த ஊரில் யாரும் சோறே தின்னவில்லையா? ஏரிக்கு மதகு திறந்தவன் யார்? கரை உடைந்த இரவில் மண் சுமந்தவள் யார்? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தவர்கள் யார்? இவை சரித்திரமில்லை என்றால், ராஜாக்களின் கல்யாணங்கள் மட்டும் எப்படிச் சரித்திரமாயின?

1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற வெள்ளைக்காரர் செங்கற்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2000 கிராமங்களை அளந்தார். வீடு, வயல், ஏரி, தோப்பு எல்லாம் கணக்கில் ஏறின. நம்மேல் கொண்ட பிரியத்தினாலா? வரி வசூலுக்காக! வரி கேட்டவனுக்கு இருந்த அக்கறைகூட வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இல்லை.

அமெரிக்காவில் எத்தனையோ சிற்றூர்களில் சரித்திரச் சங்கம் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் கலப்பைக்கும் பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கும் அங்கே இடமுண்டு. அங்கிருந்து தொழிற்சாலை நடத்தக் கற்றுக்கொண்டோம்; இதைக் கற்க மனமில்லை.

கோயில் வாசலில் பூ விற்ற பாட்டி சொன்னாள்: "எந்த வயலுக்கு எந்த வாய்க்கால்னு நான் சொல்வேன் சாமி. கேக்கத்தான் ஆளில்லே."

நண்பரே, உங்கள் ஆபீசிலிருந்து அந்த வாசல் எவ்வளவு தூரம்? ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்கு வயது எண்பதுக்கு மேல்.