பி.எட். சேரப்போகிறவர்களுக்கு

டிகிரி ரிசல்ட் வந்த கையோடு கள்ளக்குறிச்சியில் பி.எட். அட்மிஷன் நோட்டீஸ்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். அதிலிருக்கும் நம்பருக்கு போன் போட்டால் முதலில் வரும் கேள்வி: "ரெகுலரா, நான்-ரெகுலரா?"

நான்-ரெகுலர் என்றால் காலேஜ் பக்கமே வரவேண்டாம். ஃபீஸ் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு வந்தால் போதும். இப்படி ஒரு வகையே விதியில் கிடையாது. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிகள் பி.எட்.டை இரண்டு வருடமாக்கின. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் பெறும் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்கின்றன.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை இந்த 'நான்-ரெகுலர்' பேச்சை நம்பிவிடுவதில் ஆச்சரியமில்லை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. பல வீடுகளில் இப்போதுதான் முதல் பட்டதாரி. எந்தக் காலேஜ் நல்லது என்று விசாரித்துச் சொல்ல, படித்த சித்தப்பாவோ மாமாவோ கிடையாது.

மாநிலத்தில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழுதான். நம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. சேலம் தாண்டிக் குமாரபாளையம், இல்லையென்றால் வடக்கே வேலூர். தூரம்தான், ஆனாலும் முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் குறைவு, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடும் உண்டு. (1856-ல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரியில் முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனே பயிற்சி பெற்றார். அந்தப் பெருமைக்காகச் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை.)

தனியார் கல்லூரிதான் என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். "டீச்சிங் பிராக்டிஸுக்கு எந்த ஸ்கூலுக்கு அனுப்புவீங்க? நாங்க பாடம் நடத்தறப்ப கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து யார் பார்ப்பாங்க?" பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கிவிட முடியும். பார்டர் போட்டு, தலைப்புக்குப் பச்சை மசியில் அடிக்கோடிட்டு, வாங்கியவருக்கே படிக்கத் தெரியாத அழகான கையெழுத்தில் வந்து சேரும். மலையில் ஏதோ ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில், வீட்டு நினைப்பில் ஒரு வாரமாக வாயே திறக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்று அந்த நோட்டில் இருக்காது. அதைப் பக்கத்தில் ஓர் அனுபவசாலி இருக்கும்போது தடுமாறித்தான் கற்க வேண்டும்.

மலைப் பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றும் கேட்கலாம்: பயிற்சியை மலையிலேயே, வெள்ளிமலைப் பக்கம் போட்டுத் தருவீர்களா? அதற்குக் கல்வி அலுவலரின் அனுமதி வாங்க வேண்டும், கொஞ்சம் அலைச்சல். அந்த அலைச்சலுக்குத் தயாரான முதல்வர் கிடைத்தால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.